கம்பெனி பஸ் ரூட்டிங் வேலைய ஜர்னல் பேப்பரா போடணும், எங்க அனுப்பலாம்?

ஒரகடம்_ஷிஃப்ட்பஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் ஃபேக்டரில பிளானிங் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், கூடவே பார்ட் டைம்ல பிஎச்டி போயிட்டிருக்கு. டாபிக் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (ஓஆர், கணக்கு வெச்சு நல்ல முடிவு எடுக்கற துறை), அதுல வெஹிக்கிள் ரூட்டிங், அதாவது எந்த வண்டி எந்த வழில போகணும்னு முடிவு பண்றது. எங்க ஃபேக்டரிக்கு ஸ்டாஃப் பஸ் ஓடுது, மூணு ஷிஃப்ட் போக ஜெனரல் ஷிஃப்ட் வேற, தாம்பரம், பூந்தமல்லி, ஆவடி, செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம்னு நாலா பக்கத்துலேர்ந்தும் ஆளுங்க வர்றாங்க. எல்லாமே கான்ட்ராக்ட் வண்டி. ரூட்டெல்லாம் ஃபேக்டரி ஆரம்பிச்ச காலத்துல யாரோ போட்டது, அப்பறம் ஆள் சேரச் சேர இங்க ஒரு ஸ்டாப்பிங் அங்க ஒரு ஸ்டாப்பிங்னு ஒட்டிகிட்டே போயிருக்காங்க, அதனால படப்பை வழியா வர்ற வண்டில நின்னுகிட்டு வருவாங்க, பின்னாடியே வர்ற இன்னொரு வண்டில பாதி சீட் காலியா இருக்கும்.

நான் என்ன பண்ணேன்னா, ஸ்டாப்பிங் வாரியா எத்தன பேரு ஏறறாங்கங்கற எண்ணிக்கை எடுத்து மொதல்ல ஒரு இன்டிஜர் புரோகிராமிங் மாடல் (முழு எண்ல விடை தேடற கணக்கு) எழுதினேன். ஒரு ஷிஃப்டுக்கு மட்டும்னா ஓடுச்சு, எல்லா ஷிஃப்டையும் சேத்துப் போட்டா சால்வர் (அந்த கணக்க தீக்கற சாஃப்ட்வேர்) முக்க ஆரம்பிச்சுடுச்சு. அதனால கிளார்க்-ரைட் சேவிங்ஸ் முறைல (ரூட்டுங்கள சேத்தா எவ்ளோ மிச்சம்னு பாத்து சேக்கறது) ஆரம்ப ரூட் போட்டு அதுக்கு மேல லோக்கல் சர்ச் (சின்னச் சின்னதா மாத்திப் பாத்து சரி பண்றது) வெச்சேன். இன்னிக்கு அந்த புது ரூட்லதான் வண்டி ஓடுது. வண்டி எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, மாச பில்லும் குறைஞ்சிருக்கு, நின்னுகிட்டு வர்றது போயிடுச்சு.

இத பேப்பரா எழுதி ஒரு பெரிய ஜர்னலுக்கு அனுப்பினேன், எடிட்டர் டெஸ்க்லயே திரும்பிடுச்சு. இன்னொரு எடத்துல ரிவியூ வரைக்கும் போச்சு. ஒரு ரிவியூவர் "தெரிஞ்ச பிராப்ளத்துக்கு தெரிஞ்ச ஹியூரிஸ்டிக்க (சீக்கிரமா ஓரளவு நல்ல விடை குடுக்கற குறுக்குவழி முறைய) போட்டிருக்கீங்க, மெத்தட்ல நாவல்ட்டி (புதுமை) இல்ல"ங்கறாரு. இன்னொருத்தரு "ஸ்டாண்டர்ட் பெஞ்ச்மார்க்ல (எல்லாரும் ஒப்பிட்டுப் பாக்கற பொது டேட்டால) ஓட்டிக் காட்டுங்க"ங்கறாரு. ரிஜெக்ட். இதப் பாத்துட்டு எங்க கைடு, ஓநாய், திமிங்கலம், வௌவால்னு மிருகம் பேர்ல இருக்கற அல்காரிதத்துல ஏதாவது ஒண்ண இதோட ஹைப்ரிட் பண்ணிடு, நாவல்ட்டி வந்துடும்ங்கறாரு. எனக்கு அதுல மனசு ஒப்பல, ஏன்னா ஓடிட்டிருக்கற ரூட்டுக்கும் ஓநாய்க்கும் சம்பந்தமே இல்ல.

கேள்வி என்னன்னா, நிஜமா ஓடின அப்ளிகேஷன அப்படியே மதிக்கற ஜர்னல் எது? அவங்க என்ன எதிர்பாக்கறாங்க? கம்பெனி டேட்டாவ எவ்ளோ தூரம் வெளில சொல்லலாம்? இன்னொண்ணு, என் டேட்டால 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வாரமும் இருக்கு, அந்த வாரம் பாதி ரூட் தண்ணில, அத எடுத்துடலாமா?

---

கிண்டி_பழசு எழுதியது:

தம்பி, மொதல்ல அந்த ஓநாய காட்டுக்கே அனுப்பிடுங்க. 2015லயே கென்னத் சோரன்சென்ங்கற ஆளு இந்த மிருகம் மாதிரி உவமை வெச்ச மெட்டாஹியூரிஸ்டிக் (பொதுவான தேடல் முறை) கூட்டத்தப் பத்தி கிழிகிழின்னு கிழிச்சு ஒரு பேப்பர் போட்டாரு, பேரத் தூக்கிட்டுப் பாத்தா பாதிக்கு மேல பழைய சரக்குதான்னு. ஜர்னல் ஆஃப் ஹியூரிஸ்டிக்ஸ்ல இந்த மாதிரி பேப்பர் வேணாம்னு கொள்கையாவே எழுதி வெச்சிருக்காங்க. நல்ல எடத்துல இருக்கற ரிவியூவர் மிருகத்தப் பாத்த ஒடனே கண்ண மூடிப்பாரு. கைடுகிட்ட பக்குவமா சொல்லுங்க.

ரெண்டாவது, ரிவியூவர் மேல கோவப்படாதீங்க. மெத்தட் ஜர்னலுக்கு அப்ளிகேஷன் பேப்பர் அனுப்பறது கல்யாண வீட்டுல போய் கருமாதி பத்திரிகை நீட்ற மாதிரி. பத்திரிகைல ஒரு தப்பும் இருக்காது, போன வீடுதான் வேற.

இந்த வேலைக்குன்னே இருக்கற வீடு இன்ஃபார்ம்ஸ்ங்கற அமெரிக்க ஓஆர் சங்கம் நடத்தற ஜர்னல். முன்னாடி இன்டர்ஃபேசஸ்னு பேரு, 2019லேர்ந்து இன்ஃபார்ம்ஸ் ஜர்னல் ஆன் அப்ளைட் அனலிடிக்ஸ். எங்க காலத்து ஆளுங்க இன்னும் இன்டர்ஃபேசஸ்னுதான் சொல்லுவோம். வருஷா வருஷம் நிஜமா ஓடின ஓஆர் வேலைக்குக் குடுக்கற ஃபிரான்ஸ் எடல்மன் அவார்டுக்கு ஃபைனல் வந்த வேலைங்களோட பேப்பர் அதுலதான் வரும், ஜனவரி-பிப்ரவரி இதழ்ல. 2008ல ஜெயிச்ச டச்சு ரயில்வே டைம்டேபிள், 2014ல போலியோ ஒழிப்புக்காக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசி, 2016ல யூபிஎஸ் பார்சல் கம்பெனியோட ஓரியன் ரூட்டிங் சிஸ்டம், 2021ல உலக உணவு திட்டம், இதெல்லாம் எடுத்துப் படிங்க. படிக்கும்போது கணக்க விட்டுட்டு பேப்பர் எப்டி கட்டியிருக்காங்கன்னு பாருங்க. உடம்புல சமன்பாடு ரொம்பக் கம்மியா இருக்கும், மாடல் அப்பெண்டிக்ஸ்ல போய் ஒக்காந்திருக்கும், முன்னாடி பூரா பிரச்சன என்ன, யார் முடிவெடுக்கறாங்க, எப்டி மாத்தினோம், யார் ஒத்துக்கல, என்ன ஆச்சுங்கறதுதான். முக்கியமா, வேலைய உபயோகப்படுத்தின நிறுவனத்துலேர்ந்து ஒரு லெட்டர் கேப்பாங்க, ஆமா இது ஓடுது, பலன் வந்திருக்குன்னு. அந்த லெட்டர் இல்லாம அங்க போறது வீண்.

அங்க போட்டி ஜாஸ்தி. வேற வழியும் இருக்கு. யூரோப்பியன் ஜர்னல்ல, அதான் ஈஜேஓஆர்னு சொல்லுவாங்களே, இன்னோவேட்டிவ் அப்ளிகேஷன்ஸ்னே தனி பிரிவு இருக்கு, ஆனா அந்த இன்னோவேட்டிவ்ங்கற வார்த்தைய அவங்க சீரியஸா எடுத்துப்பாங்க. இங்கிலாந்து ஓஆர் சொசைட்டியோட ஜர்னல் 1950லேர்ந்து வருது, அப்ப அதுக்கு ஆபரேஷனல் ரிசர்ச் குவார்ட்டர்லின்னு பேரு, கேஸ் எழுதற மரபு அங்க உண்டு. நம்ம ஊர்ல ஆப்சர்ச். 1957ல ஆரம்பிச்ச ஆபரேஷனல் ரிசர்ச் சொசைட்டி ஆஃப் இந்தியா நடத்தறது, 1964லேர்ந்து வருது, இப்ப ஸ்பிரிங்கர் போடறாங்க. சந்தா வழில போட்டா கைக்காசு ஒண்ணும் கட்ட வேணாம். பஸ்ஸுங்கறதால ஸ்பிரிங்கர்லயே பப்ளிக் டிரான்ஸ்போர்ட்னு ஒரு ஜர்னல் இருக்கு, அதோட பழைய இதழ்ங்களையும் பொரட்டுங்க.

இதெல்லாம் அட்ரஸ். உள்ள என்ன எழுதணும்னா, உங்க போஸ்ட்லயே ஒரு வரி இடிக்குது. பில் குறைஞ்சிருக்குங்கறீங்க. எதோட ஒப்பிட்டா குறைஞ்சிருக்கு? பழைய ரூட்டுன்னா, பேப்பர்ல இருந்த பழைய ரூட்டா, டிரைவருங்க நிஜமா ஓட்டின பழைய ரூட்டா? ரெண்டும் ஒண்ணா இருக்கவே இருக்காது. அடுத்து இதுதான் எல்லாரும் விட்டுடற எடம்: உங்க டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் கையில அதே ஏற்ற எண்ணிக்கைய ஸ்டாப்பிங் வாரியா சுத்தமா பிரின்ட் போட்டுக் குடுத்து, இத வெச்சு நீங்களே ரூட்ட மாத்திப் போடுங்கன்னு சொன்னா அவரு எவ்ளோ குறைச்சிருப்பாரு? பத்து வருஷமா யாருமே எண்ணிப் பாக்காத எடத்துல, எண்ணினாலே பாதி லாபம் வந்துடும். மீதிதான் உங்க அல்காரிதத்தோட கணக்கு. எண்ணினதால வந்தது இவ்ளோ, மாடலால வந்தது இவ்ளோன்னு பிரிச்சுக் காட்டினா ரிவியூவர் நிமிந்து ஒக்காருவாரு. மாடலோட பங்கு சின்னதா இருந்தாலும் பரவால்ல, மறைக்காம எழுதுங்க.

மிக்ஜாம் வாரத்த எடுக்கலாம். எடுத்தோம், இந்த காரணத்துக்கு எடுத்தோம், எடுக்கலன்னா ரிசல்ட் இப்டி இருக்கும்னு மூணையும் எழுதிட்டு எடுங்க.

---

ஓஎம்ஆர்_அனலிடிக்ஸ் எழுதியது:

மேல சார் சொன்னதோட கம்பெனி பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சேக்கறேன். நான் சப்ளை செயின் கன்சல்டிங்ல இருக்கேன், கிளையன்ட் வேலைய பேப்பராக்கற அனுபவம் உண்டு, அதுல பாதி நேரம் லீகல் டீம் கூடதான் போகும்.

ப்ரோ, பர்மிஷன பேப்பர் எழுதினப்பறம் கேக்காதீங்க. எழுதறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துல சுருக்கமா இத சொல்லப் போறேன், இத சொல்ல மாட்டேன்னு எழுதிக் காட்டி மெயில்ல ஓகே வாங்கிடுங்க. வாயால "தாராளமா போடுப்பா"ன்னு சொன்ன மேனேஜர் ரெண்டு மாசத்துல வேற பிளான்ட்டுக்கு மாறிப் போயிடுவாரு, புதுசா வர்றவருக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து. எனக்கு தெரிஞ்ச ஒருத்தருக்கு பேப்பர் அக்செப்ட் ஆனப்பறம் கம்பெனி வேணாம்னுடுச்சு, அத வித்ட்ரா பண்ணவேண்டியதாப் போச்சு.

ரூபா கணக்கு எதையும் அப்படியே போடாதீங்க. பழைய பில்ல 100ன்னு வெச்சுக்கிட்டு புதுசு எத்தனன்னு இன்டெக்ஸா போடுங்க, ஜர்னல்காரங்களுக்கு அது பழக்கம்தான். வெண்டார் ரேட் வெளில போச்சுன்னா அடுத்த டெண்டர்ல உங்க பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்குத்தான் தலைவலி, அப்பறம் உங்களுக்கு.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்டாஃப் பஸ் டேட்டான்னா அது ஆளுங்க வீட்டு அட்ரஸ். எந்த நேரத்துக்கு எந்த எடத்துல ஒரு பொண்ணு நைட் ஷிஃப்ட் முடிச்சு எறங்கறாங்கன்னு அதுல இருக்கு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் ஒரு பக்கம், சட்டம் இல்லன்னாலும் இது வெளில போகக் கூடாத விஷயம். அதனால ஸ்டாப்பிங் அளவுக்கு மொத்தமாக்கிடுங்க, ரெண்டு பேர் மூணு பேர் மட்டும் ஏற்ற ஸ்டாப்பிங்க பக்கத்து ஸ்டாப்பிங்கோட சேத்துடுங்க, மேப் போட்டா நிஜ மேப்புக்கு பதிலா கோட்டுப் படமா போடுங்க. ரிவியூவர் டேட்டா கேட்டா, இதே மாதிரி தன்மை உள்ள செயற்கை டேட்டா ஒரு செட் செஞ்சு கோடோட சேத்து போட்டுடலாம். சால்வருக்கு ஹைஸ், சிபிசி, ஓஆர் டூல்ஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸா இருந்தா மத்தவங்களும் ஓட்டிப் பாப்பாங்க. குரோபிங்கற காசு குடுத்து வாங்கற சால்வரோட அகாடமிக் லைசன்ஸ்ல கம்பெனி வேலைய ஓட்டியிருந்தீங்கன்னா அது தனி வம்பு, அத இப்பவே சரி பண்ணிக்கோங்க.

---

ஸ்காலர்_வடபழனி எழுதியது:

மேல பெரியவங்க நல்ல ஜர்னல் சொல்லிட்டாங்க, நான் கெட்டத சொல்றேன்.

"ஸ்கோப்பஸ் இன்டெக்ஸ்ட், 15 நாள்ல அக்செப்டன்ஸ், ஈஎம்ஐ வசதி உண்டு"ன்னு வாட்ஸப்ல வரும் பாருங்க, காலேஜ் குரூப்லயே வரும். தொடாதீங்க. ஸ்கோப்பஸ்ங்கறது ஆராய்ச்சி ஜர்னல்ங்களோட அட்டவணை, அதோட சோர்ஸ் லிஸ்ட் காசில்லாம யாரு வேணா பாக்கலாம், அங்க போய் ஜர்னலோட அடையாள நம்பரான ஐஎஸ்எஸ்என் அடிச்சு, எந்த வருஷம் வரைக்கும் எடுத்திருக்காங்கன்னு பாருங்க. பாதி ஜர்னல் நின்னு போயிருக்கும், போர்டு மட்டும் தொங்கும். நல்ல ஜர்னல் பேரையே காப்பியடிச்சு போலி வெப்சைட் நடத்தறவங்களும் இருக்காங்க, அதனால கூகிள்ல மொதல்ல வர்ற லிங்க்க நம்பாம பப்ளிஷர் சைட் வழியா போங்க.

யூஜிசி கேர் லிஸ்ட்ல (யூஜிசி ஒத்துக்கிட்ட ஜர்னல்ங்க லிஸ்ட்) இருக்கான்னு இன்னும் கேக்கறவங்க இருக்காங்க, அத 2025 பிப்ரவரிலயே யூஜிசி கைவிட்டுடுச்சு. அதே மாதிரி 2022 ரெகுலேஷன்ல பிஎச்டிக்கு ஜர்னல் பேப்பர் கட்டாயம்ங்கறத யூஜிசி எடுத்துடுச்சு, ஆனா ஒவ்வொரு யுனிவர்சிட்டியும் தனக்குன்னு ஒரு ரூல் வெச்சிருக்கும். நீங்க ரெஜிஸ்டர் பண்ண வருஷத்து ரெகுலேஷன எடுத்து படிச்சுட்டு ஜர்னல செலக்ட் பண்ணுங்க. சூப்பரான எடத்துல பேப்பர் வந்து, அது உங்க யுனிவர்சிட்டி லிஸ்ட்ல இல்லன்னா தீசிஸ் சப்மிட் பண்ணும்போது அழ வேண்டியதுதான்.

---

ஒரகடம்_ஷிஃப்ட்பஸ் எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. லைசன்ஸ் பிரச்சன இல்ல மேடம், கம்பெனி மெஷின்ல ஓப்பன் சோர்ஸ்தான்.

கிண்டி சார், நீங்க கேட்ட "நிஜமா ஓட்டின ரூட்டு" கேள்வி என்ன ரொம்ப யோசிக்க வெச்சுடுச்சு. ஏன்னா ஒரு விஷயம் நான் பேப்பர்ல ரெண்டே வரில தாண்டிட்டேன். எங்க இன்சார்ஜ் அண்ணன்கிட்ட மொத பிளான காட்டினப்ப அவரு ஒரு நீளமான ரூல்டு நோட்ட எடுத்து வெச்சாரு. அதுல வண்டி நம்பர், டிரைவர் பேரு, பக்கத்துலயே ஒரு ஊர் பேரு. அந்த ஊரு டிரைவரோட வீடு. ராத்திரி வண்டி டிப்போவுக்கு போறதில்ல, டிரைவர் வீட்டு தெருவுலதான் நிக்குது. காலைல அங்கேர்ந்து மொத ஸ்டாப்பிங் வரைக்கும் ஓடற டெட் கிலோமீட்டரும் பில்லுல வரும். என் பிளான்ல வாலாஜாபாத் டிரைவருக்கு ஆவடி ரூட் விழுந்திருந்துச்சு, "இவன் மூணு மணிக்கு எழுந்திரிச்சாத்தான் முடியும் சார்"னு சிரிச்சாரு.

அத விட பெருசு பில்லிங். மாச கான்ட்ராக்ட்ல ஒரு குறிப்பிட்ட கிலோமீட்டர் வரைக்கும் வாடகை ஃபிக்ஸட், அதத் தாண்டினா கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு எக்ஸ்ட்ரா. அப்ப ஸ்லாபுக்குள்ள, அதாவது அந்த ஃபிக்ஸட் கிலோமீட்டருக்குள்ள, இருக்கற வண்டிக்கு எவ்ளோ தூரத்த குறைச்சாலும் ஒத்த ரூபா மிச்சமாகாது. ஸ்லாப் தாண்டற வண்டிலேர்ந்து ஒரு டிரிப்ப எடுத்து, ஸ்லாபுக்குள்ள எடம் இருக்கற வண்டிக்கு குடுத்தாத்தான் காசு. அதுவும் ஒரு நாள் கணக்குல தெரியாது, மாசம் பூரா எந்த வண்டி எந்த ஷிஃப்ட்ல ஓடுதுன்னு சேத்துப் பாக்கணும். கடைசியா ஓடினது இந்த மாதிரி மாத்தின வெர்ஷன்தான், ஆனா பேப்பர்ல நான் தூரத்த மினிமைஸ் பண்றதாத்தான் எழுதியிருக்கேன், ஏன்னா லிட்டரேச்சர்ல எல்லாரும் அப்டிதான் எழுதறாங்க, ஸ்லாப் பில்லிங்கெல்லாம் எழுதினா லோக்கல் சமாச்சாரம்னு நெனப்பாங்களோன்னு.

---

கிண்டி_பழசு எழுதியது:

அட தம்பி! பேப்பர கையில வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடிட்டிருக்கீங்களே.

டிரைவர் வீட்டுலேர்ந்து கெளம்பற வண்டி, மாசக் கணக்குல உடையற செலவு வளைவு, பல ஷிஃப்ட், வெண்டார் ரெண்டு மூணு பேரு. இத அப்படியே ஃபார்முலேட் பண்ணுங்க. ஒரு நாளைக்கு ரூட் போடற முடிவும், மாசத்துக்கு வண்டிய ஷிஃப்டுக்கு ஒதுக்கற முடிவும் ஒண்ணுக்கொண்ணு கட்டிப் போட்டிருக்கு, தூரத்த குறைக்கற ரூட்டும் பில்ல குறைக்கற ரூட்டும் வேற வேறன்னு உங்க டேட்டாலயே காட்டலாம். ஒரே ஷிஃப்ட் அமைப்புக்கு ரெண்டு நோக்கத்துலயும் ஓட்டி பக்கத்துல பக்கத்துல வைங்க. நாவல்ட்டி கேட்ட ரிவியூவருக்கு பதில் அதுலயே இருக்கு, அத இந்த ஃபேக்டரி கேட்டுக்கு வெளில நிக்கற வண்டிங்க குடுத்திருக்கு.

லோக்கல் சமாச்சாரம்னு பயப்படாதீங்க. இந்த மொத்த வெஹிக்கிள் ரூட்டிங் ஃபீல்டே 1959ல டான்ட்சிக்கும் ராம்சரும் பெட்ரோல் டேங்கர எந்த பங்குக்கு எப்டி அனுப்பறதுன்னு எழுதினதுலேர்ந்து வந்தது. அதவிட லோக்கலா என்ன வேணும்? 1979லயே ஓஆர் முன்னோடிங்கள்ல ஒருத்தரான ரஸ்ஸல் அகாஃப் பொலம்பினாரு, ஓஆர்காரங்க கணக்குல கெட்டிக்காரங்களா ஆகிட்டே போறாங்க, சூழ்நிலை தெரியாத ஆளுங்களாவும் ஆகிட்டே போறாங்கன்னு. நீங்க சூழ்நிலைய கையில வெச்சுக்கிட்டு அத ஒளிக்கறீங்க.

உங்க வேலைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற ஒரு பேப்பர சொல்றேன், பாஸ்டன் ஸ்கூல் பஸ். எம்ஐடியிலேர்ந்து பெர்ட்சிமாஸோட டீம் 2017ல பாஸ்டன் பள்ளிக்கூட பஸ் ரூட்ட மாத்திப் போட்டாங்க. 50 பஸ் குறைஞ்சுது, 50 லட்சம் டாலர் மிச்சம்னு கணக்கு. இதே ஆளுங்க அடுத்து ஸ்கூல் ஆரம்பிக்கற நேரத்தையும் மாத்திப் போட்டா இன்னும் மிச்சமாகும், பெரிய பசங்க கொஞ்சம் லேட்டா எழுந்திரிக்கலாம்னு கணக்கு போட்டு குடுத்தாங்க. அந்த வருஷ டிசம்பர்ல அறிவிச்ச ஒடனே அப்பா அம்மாங்க கொதிச்சுட்டாங்க, எங்க வேலை நேரம் என்ன ஆவறதுன்னு, கடைசில நிர்வாகம் திட்டத்தையே வாபஸ் வாங்கிடுச்சு. கணக்குல ஒரு பிசகும் இல்ல. இதெல்லாம் மூடி மறைக்காம ஆராய்ச்சியா வெளில வந்திருக்கு. ரூட்டிங் பேப்பர் நான் சொன்ன அதே இன்ஃபார்ம்ஸ் ஜர்னல்ல 2020ல வந்துச்சு, நேரம் மாத்தற விஷயம் அதுக்கு முந்தின வருஷம் பிஎன்ஏஎஸ்ங்கற அமெரிக்க அறிவியல் அகாடமி ஜர்னல்ல. ரெண்டையும் படிங்க, எங்க எத எழுதினாங்கன்னு கவனிங்க. ஒரே வேலைதான், ஒரு எடத்துல முறை, இன்னொரு எடத்துல கத.

அதனால உங்களுக்கும் ரெண்டு பேப்பர் இருக்கு. ஸ்லாப் பில்லிங் மாடலும் அல்காரிதமும் கம்ப்யூட்டேஷனோட ஒண்ணு, ஆப்சர்ச்சுக்கோ இல்ல அது மாதிரி எடத்துக்கோ. ஓட்டின அனுபவம் ஒண்ணு, லெட்டரோட, அமெரிக்க இன்ஃபார்ம்ஸ் ஜர்னலுக்கு. ஆனா ஒரே சரக்க ரெண்டா அறுத்து விக்கற மாதிரி தெரியக் கூடாது, ஒண்ணுல இன்னொண்ண வெளிப்படையா குறிப்பிட்டுடுங்க.

இன்சார்ஜோட பேர நன்றி பகுதில போடலாமான்னு கேட்டுக்கோங்க. என்னக் கேட்டா அவரு கோ-ஆதராவே இருக்கலாம், பிரச்சனைய சரியா சொன்னவரு அவருதான், ஆனா அது உங்க கைடு, கம்பெனி எல்லாம் சேந்து முடிவு பண்ற விஷயம்.

---

மாடல்_மட்டும் எழுதியது:

இங்க எல்லாரும் பெஞ்ச்மார்க் கேட்ட ரிவியூவர வில்லனாக்கிட்டீங்க, நான் அவரு பக்கம். நான் வருஷத்துக்கு கொஞ்சம் பேப்பர் ரிவியூ பண்றவன். "கம்பெனில ஓடுது"ன்னு எழுதி வர்றதுல முக்காவாசி எங்கயும் ஓடல, எக்செல்ல ஒரு தடவ ஓடியிருக்கும், ப்ரொஃபசர் ஃப்ரெண்டோட ஃபேக்டரியா இருக்கும். எனக்கு அத எப்டி தெரியும்? உங்க டேட்டா என்கிட்ட இல்ல. ஆனா சாலமன்ங்கறவரு 1987ல போட்ட ரூட்டிங் இன்ஸ்டன்ஸ்ங்க (சோதனைக் கணக்குங்க) எல்லார்கிட்டயும் இருக்கு, அதுல உங்க ஹியூரிஸ்டிக் சுமாரா ஓடினாலே கோடு ஒழுங்கா எழுதியிருக்கீங்கன்னு ஒரு நம்பிக்கை வரும். ஒரு வாரயிறுதி வேலை, செஞ்சு அப்பெண்டிக்ஸ்ல ஒரு டேபிள் போட்டுடுங்க, அதுல ரெக்கார்ட முறியடிக்கணும்னு யாரும் கேக்கல.

சின்ன ஷிஃப்ட் ஒண்ண எடுத்து சால்வர்ல முழுசா ஆப்டிமம் வரைக்கும் ஓட்டி, ஹியூரிஸ்டிக் அதுலேர்ந்து எவ்ளோ தள்ளி நிக்குதுன்னும் போடுங்க. ஒரு ஷிஃப்ட் ஓடுச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.

அப்பறம் நான் ரிவியூவரா மொதல்ல தேடறது, இப்ப யாரு ஓட்டறாங்க? ஆளுங்க வேலைய விட்டுப் போறாங்க, புதுசா சேர்றாங்க, அப்ப ரூட்ட மாத்தறது நீங்களா, இன்சார்ஜா? நீங்க லீவுல போனா என்ன ஆகுது? மாடல் குடுத்த ரூட்ட அவரு கையால எத்தன தடவ திருத்தினாரு, ஏன் திருத்தினாரு? அந்த திருத்தத்த எல்லாம் எழுதி வெச்சிருந்தீங்கன்னா அதுதான் பேப்பர்லயே நல்ல டேபிளா இருக்கும்.

---

ஒரகடம்_ஷிஃப்ட்பஸ் எழுதியது:

திருத்தினது எல்லாம் அவரு நோட்லயே சிவப்பு மையில இருக்கு சார்! பாலத்துக்கு கீழ வண்டி திரும்பாது, கோயில் திருவிழான்னா இந்த தெரு அடைச்சுடுவாங்க, இந்த ஸ்டாப்பிங்ல ராத்திரி லைட் இல்ல பொண்ணுங்கள எறக்காத, இப்டி. நான் அத டேட்டான்னே நெனக்கல. இந்த வாரம் ஒக்காந்து டைப் பண்ணிடறேன். ரூட் மாத்தறது இப்ப அவருதான், நான் ஒரு சின்ன ஸ்க்ரீன் செஞ்சு குடுத்திருக்கேன், ஸ்டாப்பிங்க இழுத்து வேற வண்டில போட்டா மாச பில் எவ்ளோ ஏறுது எறங்குதுன்னு காட்டும், அவ்ளோதான். அவரு ஆப்டிமைஸ் பட்டன விட அதத்தான் ஜாஸ்தி அமுக்கறாரு.

கடைசி கேள்வி, அந்த லெட்டர்ல யாரு கையெழுத்து போடணும்? ஹெச்ஆரா, பிளான்ட் ஹெட்டா?

---

ஓஎம்ஆர்_அனலிடிக்ஸ் எழுதியது:

பில் யாரு பாஸ் பண்றாங்களோ அவங்க. ஸ்டாஃப் பஸ்னா பெரும்பாலும் அட்மின் ஹெட், அவருக்கு மேல பிளான்ட் ஹெட் போட்டா இன்னும் கனம். கம்பெனி லெட்டர்ஹெட்ல, எந்த மாசத்துலேர்ந்து ஓடுது, எத்தன வண்டி குறைஞ்சது, பேப்பர்ல இருக்கற இன்டெக்ஸ் கணக்கு எங்க ரெக்கார்டோட ஒத்துப் போகுதுன்னு மூணு வரி போதும். வாழ்த்துமடல் மாதிரி எழுத விடாதீங்க. நீங்களே டிராஃப்ட் அடிச்சுட்டுப் போங்க, அவங்களே எழுதட்டும்னு விட்டா தீபாவளி தாண்டிடும். அந்த இழுத்துப் போடற ஸ்க்ரீனுக்கும் பேப்பர்ல ஒரு செக்‌ஷன் ஒதுக்குங்க, ஆப்டிமைஸ் பட்டன விட அத ஜாஸ்தி அமுக்கறாருங்கறத சேத்து.

---

மாதவரம்_பால்வண்டி எழுதியது:

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். ஸ்லாப் பில்லிங் எங்க டிஸ்ட்ரிபியூஷன் வண்டிக்கும் அப்படியேதான், தினம் விடியக் காத்தால டெலிவரி. ஒரகடம் சார், கோடு வெளில போடறப்ப இங்க ஒரு லிங்க் போடுங்க, எங்க வண்டிக்கு ஓட்டிப் பாத்துட்டு ரிசல்ட் சொல்றேன்.